பிள்ளை இறந்த பிறகு வரும் சட்டம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மத நம்பிக்கையின் பொருட்டுத் தம் பிள்ளைகளுக்கு மருத்துவம் மறுக்கும் அயல்நாட்டுப் பெற்றோரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இருமுறை படித்தேன். அவர்களைச் சிறைக்கு அனுப்புவதே தீர்வு என்று அக்கட்டுரை முடிகிறது. முப்பது ஆண்டுகள் குழந்தைகள் பிரிவில் செவிலியராக இருந்த என்னால் அதை ஏற்க இயலவில்லை.

1998இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவில் 1975 முதல் 1995 வரை இவ்வாறு மருத்துவம் மறுக்கப்பட்டு இறந்த 172 பிள்ளைகளைக் கணக்கெடுத்தது. அவர்களில் 140 பேருக்கு வந்தவை, உரிய சிகிச்சை கிடைத்திருந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்துவிடக்கூடிய நோய்கள். இப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் அன்பற்றவர்கள் அல்லர். காய்ச்சலில் வலிப்பு கண்ட குழந்தையை மந்திரித்துவிட்டுத் தாமதமாகத் தூக்கி வந்த தாய்மார் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் பிள்ளை போகட்டும் என்று நினைத்ததில்லை.

அமெரிக்காவில் சட்டமே அவர்களைக் குழப்பியது என்பதைத்தான் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. சிறார் வதைத் தடுப்புக்கென 1974இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் நிதி பெற விரும்பும் மாநிலங்கள், பிரார்த்தனையால் மட்டுமே குணப்படுத்த முயலும் பெற்றோருக்குப் பிள்ளையைப் புறக்கணித்த குற்றத்திலிருந்து விலக்கு அளிக்க வேண்டும் என்று மத்திய அரசுத் துறையே விதி வகுத்தது. 1983இல் அந்த நிபந்தனை நீக்கப்பட்ட பின்னரும் பல மாநிலங்களில் விலக்கு அப்படியே தங்கிவிட்டது. மாசசூசெட்ஸில் 1986இல் குடல் அடைப்பால் இறந்த இரண்டரை வயதுச் சிறுவனின் பெற்றோர், பிரார்த்தனையால் நோய் தீரும் என்று நம்பும் கிறிஸ்டியன் சயின்ஸ் சபையினர். 1990இல் அவர்கள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. 1993இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. ஆன்மிகச் சிகிச்சைக்கான விலக்கு, மரணம் நேர்ந்தால் பாதுகாப்பாகாது என்று சொன்ன அதே நீதிமன்றம், அரசுத் தலைமை வழக்கறிஞரின் கருத்தை மேற்கோள் காட்டிய சபை வெளியீட்டை நம்பியே அப்பெற்றோர் நடந்திருக்கலாம் என்பதை நடுவர் குழுவின் முன் வைக்க விசாரணையில் வாய்ப்பளிக்கப்படவில்லை என்றது. உயிரோடு இருக்கும்வரை பிரார்த்தனை போதும் என்று ஒரு பிரிவும், இறந்ததும் அது குற்றம் என்று இன்னொரு பிரிவும் சொன்னால் எளிய மனிதர்கள் எதைத்தான் நம்புவார்கள்? அவ்விலக்கை அம்மாநிலம் 1993 இறுதியில் நீக்கியது.

கனடாவின் வழி எனக்கு மேலாகப் படுகிறது. 1983இல் டொராண்டோவில் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு, இரத்தம் ஏற்றுவது மதத்துக்கு எதிரானது என்று நம்பும் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவினரான பெற்றோர் இரத்தம் ஏற்ற மறுத்தபோது, நீதிமன்றம் அக்குழந்தையைத் தற்காலிகமாகச் சிறார் நலச் சங்கத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. சிகிச்சைக்குப் பின் குழந்தை பெற்றோரிடமே திரும்பியது. இந்நடவடிக்கை செல்லும் என்று 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பெற்றோர் கையெழுத்திடவில்லை, தம் நம்பிக்கையை மீறவும் இல்லை. பிள்ளைக்குச் சிகிச்சையும் கிடைத்தது. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தானே இரத்தம் வேண்டாம் என்ற வழக்கில், முதிர்ச்சி கூடக் கூட அவள் சொல்லுக்கும் எடை கூட வேண்டும் என்று 2009இல் அதே நீதிமன்றம் கூறியது. அதுவே கடினமான கேள்வி. பச்சிளங்குழந்தையின் விஷயத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

ஆனால் பிள்ளை மருத்துவமனை வாசலை மிதித்தால்தான், சிகிச்சைக்கு உத்தரவு கேட்டு மருத்துவர் நீதிபதியைத் தொலைபேசியில் எழுப்ப முடியும். பூட்டிய வீட்டுக்குள் பிரார்த்தனை மட்டுமே நடக்கும்போது மருத்துவருக்குச் செய்தியே வராது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1999இல் சிலவற்றையும் 2011இல் எஞ்சியவற்றையுமாக இத்தகைய விலக்குகளை நீக்கியதன் பயனை நான் அங்கேதான் காண்கிறேன்: காய்ச்சல் ஏறும் முதல் இரவிலேயே, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போக வேண்டும் என்பதை அந்தச் சட்டம் பெற்றோருக்கு ஐயமின்றிச் சொல்லிவிடுகிறது. கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது இந்த முதல் இரவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.