ஒன்பதாம் அட்டவணையின் கதவை மூடுங்கள்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களே,

அரசின் கை குடிமக்களின் வாழ்வுக்குள் நீளாதிருப்பதே நல்லது என்று கருதும் சுதந்திரவாதிகளில் நானும் ஒருவன். எங்களில் சிலர் அரசமைப்புச் சட்டத்தையே ஐயத்தோடு பார்ப்பதுண்டு. எனக்கோ, அந்தக் கையைக் கட்டிவைக்கக் கிடைத்த கயிறு அதுதான். அக்கயிற்றை ஆள்வோரே அவிழ்த்துக்கொள்ள வழிசெய்யும் அதன் 31பி பிரிவையும், அப்பிரிவின் காவலில் இருக்கும் சட்டங்களின் பட்டியலான ஒன்பதாம் அட்டவணையையும் குறித்தே எழுதுகிறேன்.

1951 ஜூனில், முதல் பொதுத்தேர்தல் நடக்கும் முன்பே, தற்காலிக நாடாளுமன்றம் முதலாவது திருத்தத்தின் வழியே ஒன்பதாம் அட்டவணையை உண்டாக்கி, 13 சட்டங்களை அதில் சேர்த்து, அடிப்படை உரிமைகளுக்கு முரணானவை என்று கூறி அவற்றை எவரும் செல்லாததாக்க முடியாதபடி செய்தது. ஜமீன்தாரி ஒழிப்பே நோக்கம். அதில் எனக்குப் பிணக்கில்லை. 1793இல் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காள ஜமீன்தார்களுக்கு எழுதிக்கொடுத்த உரிமையை உழைத்துச் சேர்த்த சொத்து என்று எந்தச் சுதந்திரவாதியும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஜமீன் போயும் அட்டவணை போகவில்லை. அதன் வரிசை எண் 284 வரை வளர்ந்துவிட்டது.

நீலகிரியின் கூடலூரில் ஜன்மம் என்னும் பரம்பரை நிலவுடைமையை ஒழிக்க வந்த கூடலூர் ஜன்மம் நிலச் சட்டத்தையே பாருங்கள். ஜன்மக் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது வேளாண் சீர்திருத்தம் ஆகாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் அப்பகுதியை நீக்கியது. பின்னர் 34ஆவது திருத்தம் அச்சட்டத்தை முழுமையாக அட்டவணைக்குள் கொண்டுபோய் வைத்தது. தோற்ற வழக்கை அரசு இப்படி வென்றது. அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை, அதாவது நாடாளுமன்றமும் திருத்தி அழிக்க முடியாத அதன் அடித்தளத்தை, உச்ச நீதிமன்றம் வகுத்துச் சொன்ன நாள் 1973 ஏப்ரல் 24; அதற்குப் பின் அட்டவணையில் சேர்ந்த சட்டங்களை அந்த அளவுகோலைக் கொண்டு சோதிக்கலாம் என்ற தீர்ப்பு, அந்நிலங்களை ஒட்டிய வழக்கிலேயே 2007இல்தான் வந்தது.

முதலாவது திருத்தம் பேச்சுரிமையின் மீதான கட்டுப்பாடுகளையும் விரித்தது. அப்போது உள்துறை அமைச்சர் ராஜாஜி. அவரே 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, தொழில் செய்ய எதற்கும் அரசின் அனுமதியை எதிர்பார்க்கவைத்த பெர்மிட்–லைசென்ஸ்–கோட்டா ஆட்சியைச் சாடினார். அவரைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. அத்தனை கூர்மதி படைத்தவருக்கே அமைச்சர் நாற்காலியிலிருந்து தெரியாத ஆபத்து வெளியே வந்தபின் தெரிந்ததென்றால், ஆள்பவரின் நல்லெண்ணத்தை நம்பி உரிமைகளை விட்டுவைக்க முடியுமா?

தமிழகத்தின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டமும் 1994 முதல் அந்த அட்டவணையில் இருப்பதை அறிவேன். அதன் நியாயம் நீதிமன்றத்தில் நின்று வாதாடத்தக்கது. பூட்டு அதற்குத் தேவையில்லை.

ஆகவே, இனி எந்தச் சட்டமும் அட்டவணையில் சேராதபடி 31பி பிரிவைத் திருத்துங்கள். உள்ளவற்றை ஒவ்வொன்றாக அவையின் விவாதத்துக்குக் கொண்டுவாருங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாக்காளன்