பெட்டியை நினைத்துக்கொண்டு வண்டியைச் செய்

அன்புள்ள கதிருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது. மெல்போர்னிலிருந்து மாதிரிக் கார் செய்யச் சொல்லி உனக்கு ஆர்டர் வந்த செய்தியைத் தண்டையார்பேட்டையில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார். போனில் நீ அவசரத்தில் இருந்தாய். இதையெல்லாம் போனில் சொன்னால் மனதில் நிற்காது. அதனால்தான் கடிதம்.

அந்த மனிதர் கேட்டிருப்பது வெறும் அம்பாசடர் பொம்மை இல்லை. அவருடைய அப்பா ராயபுரத்தில் ஓட்டிய டாக்சி. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை, மேலே கேரியர், இடது பக்க மட்கார்டில் ஒரு சொட்டை. அம்பாசடர் தயாரிப்பே 2014-இல் நின்றுவிட்டது. அந்த டாக்சியும் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். இனி அவர் கையால் தொட்டுப் பார்க்கப்போவது நீ செய்வதை மட்டும்தான். அது அவர் மேசைக்கு முழுதாகப் போய்ச் சேர வேண்டும்.

வண்டியை முதலில் முடிக்கிறேன், அப்புறம் பெட்டி பார்த்துக்கொள்ளலாம் என்றாய். அதைத்தான் மாற்றச் சொல்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனி பேக்கிங் ரூமில் கண்ணாடியும் பித்தளையும் கட்டிக் கட்டிப் பழகியவள் நான். உடம்பு உடைந்து திரும்பிய சாமான் குறைவு. கைப்பிடி, மூக்கு, காது என்று வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் போகும். உன் வண்டியில் அது சைடு கண்ணாடி, வைப்பர், கேரியர், பம்பர். இவற்றை எப்படி ஒட்டுகிறாய் என்பதிலேயே பாதி பேக்கிங் முடிந்துவிடுகிறது. சைடு கண்ணாடியின் காம்பில் நூல் மாதிரி துளை போட்டு, அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டு. பசையை மட்டும் நம்பாதே. கேரியரையும் பித்தளைக் கம்பியில் சால்டர் பண்ணி, அதன் கால்கள் கூரைக்குள் இறங்குகிற மாதிரி செய். ஒன்று மட்டும் கவனம்: ஃபெவிக்விக் மாதிரிப் பசையை ஜன்னல் பக்கம் கொண்டுபோகாதே. அதன் ஆவி கண்ணாடி பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஜன்னலுக்கு மர வேலைக்குப் போடும் வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது.

பெயிண்ட் பற்றி அப்பா சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கொருக்குப்பேட்டை பெயிண்ட் ஷெட்டில் மழைக்காலத்தில் அவர் காலையில் ஸ்ப்ரே கன்னைத் தொட மாட்டார், உனக்கு ஞாபகம் இருக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பெயிண்டின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் இறங்கி, பளபளக்க வேண்டிய கறுப்பு, பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். கடல் காற்றடிக்கும் நம் பக்கத்தில் இது தினசரித் தொல்லை. நீ இருக்கும் புனேயிலும் மழைக்காலம் உண்டு. வெயில் வரும்வரை காத்திரு.

அப்புறம் அளவுக் கணக்கு. நிஜ அம்பாசடர் சுமார் 4.3 மீட்டர் நீளம். 24-இல் ஒரு பங்கு என்றால் உன் வண்டி 18 சென்டிமீட்டர். நிஜக் கதவைச் சுற்றி 5 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் உன்னிடம் அது 0.2 மில்லிமீட்டர்தான். லாரிக்கு அடிப்பது போல அடித்தால் அந்தக் கோடு அடைந்து, கதவே இல்லாத வண்டி ஆகிவிடும். பிரைமர் என்கிற அடிப்பூச்சுக்கு முன்பே ஊசியால் கோடுகளைக் கொஞ்சம் ஆழப்படுத்திக்கொள். மெல்லிசாகப் பல கோட் கொடு. ஈரமாக ஒரே கோட் அடித்தால் தின்னர் பிளாஸ்டிக்கையே தின்றுவிடும். வெள்ளை பிரைமர், அதன்மேல் மஞ்சள், கூரையை டேப் போட்டு மறைத்துவிட்டுக் கடைசியில் கறுப்பு. கறுப்பின் மேல் மஞ்சள் ஏறவே ஏறாது. அந்த மட்கார்டு சொட்டையைப் பட்டி போட்டு நிரப்பிவிடாதே என்று அப்பா இரண்டு முறை சொன்னார். அதைப் பார்த்துத்தான் மெல்போர்ன்காரர் தன் அப்பாவின் வண்டியை அடையாளம் காண்பார்.

பெயிண்ட் காய்ந்ததா என்று விரலால் பார்க்காதே. வண்டியை டப்பாவில் மூடி வைத்து, மறுநாள் திறந்து மோந்து பார். தின்னர் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. அந்த நிலையில் கட்டினால், நீ சுற்றும் பப்பிள் ஷீட்டின் ஒவ்வொரு குமிழும் கூரையில் அச்சாகப் பதிந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகும் பப்பிள் ஷீட்டை நேராகப் பெயிண்டில் படவிடாதே. முதலில் மெல்லிய டிஷ்யூ பேப்பர். தெர்மாகோலும் நேராகப் படக்கூடாது. உன் வண்டியும் தெர்மாகோலும் ஒரே வகை பிளாஸ்டிக். மெத்தென்ற வினைல் டயர் அதில் பல நாள் அழுந்திக் கிடந்தால் அதன் எண்ணெய் இறங்கி இரண்டையும் இளக்கிவிடும்.

வண்டியை ஒரு பீடத்தில் வைத்து, சேஸிஸ் வழியாக அடியிலிருந்து ஸ்க்ரூ போடு. பாரம் சக்கரத்தில் இறங்கக் கூடாது. பீடத்துக்கு மரம் வேண்டாம், அக்ரிலிக் போடு. ஆஸ்திரேலியாவில் மரச் சாமான் என்றால் பட்டை, பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைக்கோல் அடைத்து அனுப்பவே கூடாது. மரப் பெட்டிகளைப் பூச்சி சாக 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடேற்றி முத்திரை குத்திய பிறகுதான் எங்கள் கம்பெனியில் ஏற்றுவார்கள். உனக்கு எதற்கு அந்த வம்பு?

அந்தப் பீடம் உள்பெட்டியில் அசையாமல் உட்கார வேண்டும். உள்பெட்டியை பாலிதீன் கவரில் போட்டு ஒட்டு. அதற்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை. வெளிப்பெட்டி ஐந்து பிளை, அதாவது ஐந்து அடுக்கு அட்டையாக இருக்கட்டும். கட்டி முடித்துக் குலுக்கிப் பார். உள்ளே சத்தம் கேட்டால் பிரித்துத் திரும்பக் கட்டு. ‘உடையும் பொருள்’, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று தாராளமாக ஒட்டு, ஆனால் அதை நம்பிக் கட்டாதே. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி குலுங்கிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. ஒரே அடியை விட, நாள் முழுக்க விடாமல் குலுங்குவதுதான் ஒட்டியதைப் பிரிய வைக்கும். முதலில் ஒரு மலிவு பொம்மைக் காரை இதே மாதிரி கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து மூலை தரையில் படும்படி போட்டுப் பார். அது பிழைத்தால் உன் வண்டியைக் கட்டு.

கூரியர் பணத்தையும் இப்போதே கணக்குப் போடு. உள்பெட்டி 24, 14, 12 சென்டிமீட்டர் என்றால் வெளிப்பெட்டி 34, 24, 22 ஆகும். மூன்றையும் பெருக்கி 5000-ஆல் வகுத்தால் 3.6 கிலோ வரும். வண்டி எத்தனை லேசாக இருந்தாலும் பல கூரியர்கள் இந்த எடைக்குத்தான் பணம் வாங்குவார்கள். இதைப் பார்க்காமல் அவரிடம் விலை சொல்லிவிடாதே. பணம் மிச்சம் பிடிக்க மெத்தையைக் குறைப்பதும் கூடாது.

சுங்கப் படிவத்தில் பிளாஸ்டிக் மாதிரிக் கார் என்று எழுது. உலகம் முழுக்க அதற்கு 9503 என்ற தலைப்பு எண்தான். காசு வாங்கி விற்பதை ‘பரிசு’ என்று எழுதாதே, வரி கூட வந்தாலும் சரி. கீறல் விழுந்தால் பூசிக்கொள்ளட்டும் என்று பெயிண்ட் பாட்டிலை உள்ளே வைக்காதே, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பெயிண்டின் பெயரையும் நம்பரையும் சீட்டில் எழுதி வை. ஹெட்லைட் எரிய வைத்தால் பேட்டரி இல்லாமல் அனுப்பு. எப்படித் திறப்பது, எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது என்று ஒரு தாள் எழுதி மேலேயே வை. ஆசையில் கேரியரைப் பிடித்துத் தூக்கிவிடுவார், பாவம். கட்டுவதற்கு முன்னால் எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்.

பாரிமுனைப் பக்கம் எனக்குத் தெரிந்த அட்டைப்பெட்டிக் கடையில் கேட்ட அளவுக்கு ஐந்து பிளையில் செய்து தருகிறார்கள். நான் சொன்ன அளவு உத்தேசம்தான். கேரியரும் பீடமும் சேர்த்து உயரம் எவ்வளவு, கண்ணாடிகளோடு அகலம் எவ்வளவு என்று அளந்து ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு. சித்தப்பா அடுத்த வாரம் புனே வருகிறார், அவரிடம் மடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா