முகூர்த்தத் தேதிக்குள் இளைக்க ஒரு ஊசியா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'சர்க்கரை ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் இளைத்துவிடலாம்' என்ற பேச்சு உடற்பயிற்சிக் கூடங்களிலும் அழகு நிலையங்களிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்போது சர்வசாதாரணம். 'சர்க்கரை இல்லாதவர் போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்' என்று பயமுறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை. சர்க்கரை நோய் இல்லாதவர் இந்த மருந்தை எடுப்பதில் தவறு ஏதுமில்லை. தகுதியுள்ளவர்களுக்கு அது முறைப்படி அனுமதிக்கப்பட்ட சிகிச்சை. பத்திரிகை அடித்துவிட்டு, முகூர்த்தத்துக்குள் பத்து கிலோ என்று கணக்குப் போட்டு எடுப்பதில்தான் எல்லாக் கோளாறும் தொடங்குகிறது.

பேசப்படுவது இன்சுலின் அல்ல, இரண்டு மருந்துகள்: செமாக்ளூடைடு, டிர்செபடைடு. சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல வேலை செய்பவை (டிர்செபடைடு கூடவே ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் செய்யும்). ரத்தத்தில் சர்க்கரை ஏறும்போதுதான் இன்சுலினைத் தூண்டும். அதனால் சர்க்கரை நோய் இல்லாதவர் இதை மட்டும் எடுத்தால் தாழ்சர்க்கரை வருவது அரிது. எடை இறங்குவது வேறு வழியில். மூளையில் பசி அடங்குகிறது, இரைப்பை காலியாக நேரமாகிறது. செமாக்ளூடைடு 2017 டிசம்பரில் ஒசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரை நோய்க்காக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதே மருந்து கூடுதல் அளவில் வெகோவி என்ற பெயரில் 2021 ஜூனில் எடைக் குறைப்புக்கு அனுமதி பெற்றது. இந்தியாவுக்கு டிர்செபடைடு மவுன்ஜாரோவாக 2025 மார்ச்சிலும், வெகோவி ஜூனிலும், ஒசெம்பிக் டிசம்பரிலும் வந்தன. 2026 மார்ச்சில் செமாக்ளூடைடின் காப்புரிமை முடிந்ததும் உள்நாட்டுத் தயாரிப்புகள் குறைந்த விலையில் வரத் தொடங்கின. விலை இறங்கியது நல்லதே. கூடவே மருந்துச்சீட்டு இல்லாமல் கேட்கிறவர்களும் பெருகுகிறார்கள்.

மூன்று மாதக் கணக்கு ஏன் உதவாது என்பதற்கு வெகோவியின் டோஸ் அட்டவணையே போதும். வாரம் ஒரு ஊசி. முதல் 4 வாரம் 0.25 மி.கி., அடுத்த 4 வாரம் 0.5, பிறகு 1, பிறகு 1.7. பதினேழாவது வாரத்தில்தான் 2.4 மி.கி. என்ற முழு டோஸுக்கே வர முடியும். பலரும் மேற்கோள் காட்டும் 14.9 சதவீத எடைக் குறைவு, சர்க்கரை நோய் இல்லாத 1,961 பேரை வைத்து நடந்த ஸ்டெப்-1 ஆய்வில், 68 வாரம் கழித்துக் கிடைத்த சராசரி. அவர்களுக்கு உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்த்தே சொல்லித்தரப்பட்டன. மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கு இறங்கியது 2.4 சதவீதம். மூன்று மாதத்தில் நிறுத்துகிறவர் 1 மி.கி.யைத் தாண்டியிருக்கவே மாட்டார். அந்த ஆய்வின் பலனை அவர் எதிர்பார்க்க இடமில்லை.

இது புரிந்ததும் சிலர் செய்வது இன்னும் மோசம்: எடுத்த எடுப்பிலேயே 1 மி.கி. போட்டுக்கொள்வது. மெதுவாக ஏற்றுவது வெறும் சம்பிரதாயம் இல்லை. இரைப்பையும் குடலும் பழக அவகாசம் வேண்டும். செமாக்ளூடைடின் அரை ஆயுள் (உடலில் அதன் அளவு பாதியாகக் குறையும் காலம்) ஏறக்குறைய ஒரு வாரம். முழுவதும் வெளியேற ஐந்து வாரம் ஆகும். அதிக டோஸில் வாந்தி தொடங்கினால் ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது, முறிவு மருந்தும் கிடையாது. நாள் கணக்கில் வாந்தி, நீர்ச்சத்து இழப்பு, அதனால் சிறுநீரகப் பாதிப்பு என்று போகும். ரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை எடுப்பவர்களுக்குக் கத்திரி வெயிலில் இந்த ஆபத்து அதிகம். இடையில் சில வாரம் விட்டுப்போனால் பழைய பெரிய டோஸிலேயே தொடரவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டுச் சிறிய டோஸிலிருந்து மீண்டும் ஏற வேண்டியிருக்கலாம்.

சிரிஞ்சில் நடக்கும் தவறைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். மருந்து நிரப்பிய பேனா வடிவ ஊசியில் டோஸைத் திருப்பி வைத்தால் போதும். குப்பியில் வாங்கினால் நாமே உறிஞ்ச வேண்டும். நம் ஊர் மருந்துக் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு கிடைக்கிறது: சிவப்பு மூடி போட்ட யு-40, ஆரஞ்சு மூடி போட்ட யு-100. முன்னதில் 1 மில்லி என்பது 40 யூனிட், பின்னதில் 100 யூனிட். ஒரு மில்லியில் 1.34 மி.கி. செமாக்ளூடைடு உள்ள மருந்தில் 0.25 மி.கி. வேண்டுமென்றால், உறிஞ்ச வேண்டியது சுமார் 0.19 மில்லி. அது யு-100 சிரிஞ்சில் 19 யூனிட் கோட்டில் நிற்கும். யாரோ அனுப்பிய வீடியோவில் '19 யூனிட்' என்று கேட்டுவிட்டு யு-40 சிரிஞ்சில் 19 வரை இழுத்தால் உள்ளே போவது இரண்டரை மடங்கு, அதாவது 0.6 மி.கி.க்கும் மேல். நிறுவனத்துக்கு நிறுவனம் செறிவும் மாறலாம், ஆகவே ஒரு குப்பிக்குச் சொன்ன யூனிட் இன்னொன்றுக்குப் பொருந்தாது. மில்லியையும் மில்லிகிராமையும் யூனிட்டையும் குழப்பிக்கொண்டு 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டவர்களைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜூலையில் எச்சரித்தது. மருந்துச்சீட்டில் 'இத்தனை மி.கி., இத்தனை மில்லி, இந்தச் சிரிஞ்சில் இத்தனை யூனிட்' என்று மூன்றும் இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பேனா என்றால் ஒவ்வொரு முறையும் புது ஊசிமுனை. வயிறு, தொடை, மேற்கை என்று இடத்தை மாற்றிப் போட வேண்டும். ஒசெம்பிக், வெகோவி பேனாக்களில் எண் 0 வந்த பிறகும் ஆறு வரை நிதானமாக எண்ணிவிட்டே ஊசியை வெளியே எடுக்க வேண்டும். முன்பே இழுத்தால் மருந்து தோலில் வழிந்துவிடும். அக்காவும் தங்கையும் ஒரே பேனாவைப் பங்கிட்டுக்கொள்ளக் கூடாது. முனையை மாற்றினாலும் ரத்தத்தால் பரவும் கிருமிகள் கடக்கும்.

திறக்காத மருந்து 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். ஒசெம்பிக் பேனாவைத் திறந்த பின் 30 டிகிரிக்குள் 56 நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்கிறது அதன் குறிப்பு. ஆனால் மே மாத மதுரையிலோ வேலூரிலோ வீட்டுக்குள் 30 டிகிரி எங்கே இருக்கிறது? திறந்த பிறகும் ஃப்ரிட்ஜே பாதுகாப்பு. உறைபெட்டியை ஒட்டி வைக்கக் கூடாது, ஐஸ் கட்டியோடு நேராகச் சேர்த்துக் கூரியரில் வந்ததையும் நம்ப முடியாது. ஒருமுறை உறைந்த மருந்து, உருகி நீராகத் தெரிந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஊசிக்குப் பயந்து ரைபெல்சஸ் மாத்திரைக்குப் போகிறவர்களுக்கு வேறு சிக்கல். அதுவும் செமாக்ளூடைடுதான், ஆனால் விழுங்கியதில் ஒரு சதவீதம்கூட ரத்தத்துக்குள் போவதில்லை. அந்தக் கொஞ்சமும் போக வேண்டுமென்றால், வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேற்படாத வெறும் தண்ணீரில், உடைக்காமல் விழுங்கி, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் குடிக்காமல் இருக்க வேண்டும். காலைக் காபியோடு போட்டவர் காசைக் கரைத்துக் குடித்தவர்.

விலைக்காக மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைத் தேடுகிறவர்களும் உண்டு. மெட்ஃபார்மினால் இறங்குவது பொதுவாக இரண்டு கிலோ அளவே. முன்-சர்க்கரை நிலையில் (சர்க்கரை நோயின் விளிம்பில்) இருப்பவருக்கு அதனால் வேறு பலன் உண்டு: சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 26.4 சதவீதம் குறைந்தது. நடையும் உணவு மாற்றமும் மட்டுமே செய்தவர்களுக்கு 28.5 சதவீதம்! டாபாக்ளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுகிறது; எடையில் இரண்டு மூன்று கிலோ போகலாம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரும். அரிசியை அடியோடு விட்டுப் பட்டினி கிடப்பவர் இதையும் எடுத்தால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் என்ற அமிலப் பொருள் ரத்தத்தில் சேர்ந்து நஞ்சாகும் அபாயம் இருக்கிறது. இளைப்பதற்கு மட்டும் இதை எடுக்கக் காரணமே இல்லை.

யாருக்குத் தகுதி? எடைக் குறைப்புக்கான அனுமதி பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு) 30-க்கு மேல், அல்லது 27-க்கு மேல் இருந்து ரத்த அழுத்தம், கொழுப்பு போன்ற இணைநோய் உள்ளவர்களுக்கு. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது ஏறக்குறைய 77 கிலோ, 69 கிலோ. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை என்று சொல்வது, நடக்கவும் உணவை மாற்றவும் தொடங்க வேண்டிய எல்லை. ஊசிக்கான எல்லை அல்ல. 62 கிலோவிலிருந்து 55-க்கு வர விரும்பும் மணப்பெண் இந்தக் கணக்கில் வரமாட்டார். 'எனக்குச் சர்க்கரை இல்லை' என்பதையும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகு சொல்வது நல்லது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இந்தியாப்' என்ற ஆய்வின்படி நாட்டில் 13.6 கோடிப் பேர் முன்-சர்க்கரை நிலையில் இருக்கிறார்கள். தொடங்கும் முன் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கானது), கல்லீரல், தைராய்டு பரிசோதனைகளும் தேவை.

குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இது கூடாது. கணைய அழற்சி வந்தவர்கள் மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. கருத்தரிக்க நினைப்பவர் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கல்யாணத்துக்காக ஊசி போடுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை. டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடியது. தொடங்கிய பின்னும், டோஸ் ஏற்றிய ஒவ்வொரு முறையும், நான்கு வாரத்துக்கு வேறு தடுப்பும் வேண்டும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் எந்தச் சிகிச்சைக்கும் முன் இந்த ஊசியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரவிலிருந்து பட்டினியாக இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கி, மூச்சுக்குழாய்க்குள் போகலாம். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி, வலது விலாவுக்குக் கீழ் வலி, திடீர்ப் பார்வைக் குறைவு: இவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசிக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குறைகிற எடை முழுவதும் கொழுப்பு இல்லை. ஸ்டெப்-1 ஆய்வில் உடலமைப்பை அளந்து பார்த்தவர்களிடம், இழந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதி. பசி இல்லாதபோது நம் ஆட்கள் முதலில் விடுவது பருப்பையும் முட்டையையும். இரண்டு இட்லியோடு காலை உணவு முடிந்துவிடும். அதில் புரதம் 4 கிராம்தான். 70 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 80 கிராம் அளவுக்காவது திட்டமிட வேண்டும் (சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு). முட்டையில் 6 கிராம், 100 கிராம் கோழிக்கறியில் 25. தட்டில் முதலில் இவற்றைச் சாப்பிட்டு, சோற்றைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். வாரம் இரண்டு நாளாவது எடை தூக்கும் பயிற்சி தேவை; நடை மட்டும் தசையைக் காக்காது. எண்ணெய்ப் பலகாரத்தையும் இரவு பத்து மணி பிரியாணியையும் தவிர்த்தாலே பாதிக் குமட்டல் குறையும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் அளக்கப்பட்டிருக்கிறது. ஸ்டெப்-1 ஆய்வில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஒரு பகுதியினரில், 68 வாரத்தில் சராசரியாக 17.3 சதவீதம் எடை இழந்திருந்தவர்கள், மருந்தை நிறுத்திய ஓராண்டில் 11.6 புள்ளிகளைத் திரும்பப் பெற்றார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு குறையும்?' என்பதைவிட 'எத்தனை ஆண்டு போட வேண்டும், மாதம் எவ்வளவு ஆகும், டோஸை எப்படி இறக்குவோம்?' என்பதுதான்.

ஏடுகளுக்கும் ஒரு வேண்டுகோள். உடல் பருமனுக்கு மருந்து என்று பொதுமக்களிடம் விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி தடை. அதன் பட்டியலில் பருமனும் சர்க்கரை நோயும் இருக்கின்றன. 'முன்பு - பின்பு' படங்களோடு வரும் 'மருத்துவக் கட்டுரை'களை அச்சுக்கு அனுப்பும் முன் அந்தப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்குகிறவர்கள் உரிமம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்கி, பேட்ச் எண்ணைப் படமெடுத்து வைக்கட்டும். 2023-ல் ஆஸ்திரியாவில் ஒசெம்பிக் என்று விற்கப்பட்ட போலிப் பேனா போட்டவர்கள், உள்ளே இருந்தது இன்சுலின் என்பதால் தாழ்சர்க்கரையோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பக்கவிளைவு வந்தால் 1800-180-3024 என்ற மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண்ணில் யாரும் தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், டோஸ், ஊசி போட்ட தேதி, தொந்தரவு தொடங்கிய தேதி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவர்,
மதுரை