தையலுக்கு முன் இரண்டு நிமிடம்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கும், துறைச் செயலாளர் அவர்களுக்கும், மதுரை மாவட்டத்திலிருந்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

அரசு மருத்துவமனைகளின் பிரசவ அறைகளில் என்ன நடக்கிறது என்பதைத் தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனுக்கள் வழியாகவும், ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் வழியாகவும் தாங்கள் அறிந்ததுதான். ஆகவே பின்னணியை விட்டுவிட்டுக் கோரிக்கையை முதலிலேயே வைத்துவிடுகிறேன். வலி தணிக்கும் மருந்து வேண்டும் என்று கேட்கும் தாய்க்கு அது கிடைக்க வேண்டும். அதற்கு நாளாகும் என்றால், குறைந்தபட்சம், மரத்துப்போகும் ஊசியைப் போட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்க்காமல், எந்தப் பெண்ணின் உடம்பிலும் தையல் ஊசி இறங்கக் கூடாது.

இதை எழுத வைத்தது சென்ற மாதம் என் தங்கைக்கு நடந்த முதல் பிரசவம். ஊரின் பெயரையும் மருத்துவமனையின் பெயரையும் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். எழுதினால் அன்று இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு ஒரு மெமோ போகும், கோப்பு மூடப்படும், அடுத்த இரவும் அதே மேசையில் இன்னொரு பெண் அதே போலத் தைக்கப்படுவாள். அந்தச் செவிலியர் கொடுமைக்காரர் அல்லர். ஒரே நேரத்தில் வலியோடு இருந்த பல பெண்களையும், பிறந்த குழந்தைகளையும், பதிவேடுகளையும் ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விடியும்வரை அவர் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. என் முறையீடு அவர்மீது அன்று. அவருக்கு வேறு வழி வைக்காத துறையிடம்தான்.

எங்கள் தாயார் உயிரோடு இல்லாததால் பிரசவத் துணையாக நான் உள்ளே சென்றேன். மத்திய அரசு 2016இல் எல்லா மாநிலங்களுக்கும் பரிந்துரைக்கும் முன்பே தமிழ்நாடு கொண்டுவந்த நல்ல ஏற்பாடு அது. அதற்காகத் துறைக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். அந்த ஏற்பாடு இல்லாவிட்டால் இந்த மடலே இல்லை. என் தங்கை சொல்லியிருப்பாள், பிள்ளை பெற்றவள் எல்லாரும் சொல்வதுதானே என்று நானும் கேட்டுவிட்டு இருந்திருப்பேன்.

வலி போதவில்லை என்று ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசின் ஏற்றினார்கள். மருத்துவக் காரணம் இருந்திருக்கும். அதைக் கேள்வி கேட்கும் படிப்பு எனக்கில்லை. ஆனால் அந்த மருந்து ஏற ஏற வலி எப்படி மூச்சுவிட இடைவெளி இல்லாமல் அடுக்கடுக்காக வந்தது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எழுந்து நடக்கட்டுமா என்று கேட்டாள். படுத்தே இருக்கச் சொன்னார்கள். வலியைக் குறைக்க ஏதாவது ஊசி போடுங்கள் என்று நான் கேட்டேன். "அதெல்லாம் இங்க கிடையாதும்மா, வலிக்காம புள்ள பெத்துக்க முடியுமா?" என்பது பதில். வலியைக் கூட்ட மருந்து இருந்த அந்த அறையில் குறைக்க ஒன்றுமே இருக்கவில்லை.

ஆனாலும் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது அந்த மணி நேரங்களுக்காக அன்று. அவற்றை அவள் தாங்கிவிட்டாள். நான் சொல்ல வந்தது குழந்தை பிறந்த பிறகு நடந்ததை.

தலை வெளிவருவதற்காக வழியை வெட்டி அகலப்படுத்தியிருந்தார்கள். குழந்தை அழுதது, நஞ்சுக்கொடி வந்தது, வளைகழுத்து விளக்கைக் காலடியில் இழுத்து நிறுத்தினார்கள். தட்டில் இருந்த ஊசியை எடுத்து அங்கங்கே குத்தினார்கள். மரத்துப்போகும் மருந்து என்று சொன்னார்கள். சிரிஞ்சைக் கீழே வைத்த கையோடு வளைந்த தையல் ஊசியை எடுத்துவிட்டார்கள். முதல் தையலிலேயே அவள் இடுப்பு மேசையை விட்டு எழும்பியது. "அசையாத, அசைஞ்சா தையல் கோணிப்போகும்" என்றார்கள். "மரக்கலக்கா, நிப்பாட்டச் சொல்லுக்கா" என்று என்னிடம் சொன்னாள். நான் சொன்னேன். "அவ்வளவுதாம்மா, இன்னும் ரெண்டே தையல்" என்றார் செவிலியர். அந்த "இன்னும் ரெண்டே" தையல் முடியும்வரை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. இதற்கிடையே குழந்தையை எடை பார்த்துத் துடைத்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து, "பொம்பளப் புள்ள, பாரு" என்று முகத்தருகே காட்டினார்கள். சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக் கிடந்தவள் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. பத்து மாதம் சுமந்த குழந்தையை முதலில் காட்டிய நேரத்தில் தாய் பார்க்காமல் போனதற்கு ஒரே காரணம், ஒரு மருந்து வேலை செய்யும்வரை யாரும் பொறுக்காததுதான்.

எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும் என்று பிறகு தேடிப் படித்தேன். மகப்பேற்றுச் சிக்கல்களைக் கையாள்வது குறித்து உலக சுகாதார நிறுவனம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் வெளியிட்ட கையேட்டில் இது தெளிவாகவே இருக்கிறது. மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயினைப் போட்ட பிறகு இரண்டு நிமிடம் காத்திருந்து, அந்த இடத்தை இடுக்கியால் கிள்ளிப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு வலி தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து மறுபடியும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். புதுக் கட்டடம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். லிக்னோகெயின் 1948 முதல் விற்பனையில் இருக்கும் மலிவான மருந்து. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. அதே மருத்துவமனையின் பல் பிரிவில், ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்தவரிடம், ஊசி போட்டுவிட்டு, "உதடு மரத்துப்போச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் குறடை எடுக்கிறார்கள். பிள்ளை பெற்ற பெண்ணிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டாம் என்று யார் முடிவு செய்தார்கள்?

கூட்டம் அதிகம், நேரமில்லை என்பதுதான் எனக்குக் கிடைத்த விளக்கம். இதே மதுரையில் 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி அவர்கள் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று எத்தனை பேருக்குக் கண்புரை அறுவை செய்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே காசு கட்டாமல் வரும் கிராமத்துக் கிழவியின் கண்ணையும் மரத்துப்போகச் செய்த பிறகுதான் கத்தி தொடுகிறது. கூட்டத்தைக் காரணம் காட்டி அதை யாரும் விட்டுவிடவில்லை. ஆகவே கூட்டம் என்ற விளக்கத்தை மதுரைக்காரர்களாகிய எங்களால் ஏற்க இயலவில்லை.

பிரசவ வலிக்கும் வருகிறேன். மருந்தே இல்லாமல் பெற விரும்பும் பெண்கள் இருக்கிறார்கள். நடந்தும், குந்தியும், இடுப்பைத் தேய்த்துவிடச் சொல்லியும், மூச்சைப் பிடித்து விட்டும் தைரியமாகப் பெற்றெடுப்பவர்களை நான் மனதார மதிக்கிறேன்; அது அவர்களுடைய தேர்வு. எங்கள் பக்கத்து மருத்துவமனைகளில் மருந்தில்லாமல் பெறும் பெண்களோ எதையும் தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். அவர்களுக்கு மருந்தும் கிடையாது, நடக்கவும் விடுவதில்லை, விரும்பியபடி உட்காரவும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் இரண்டையும் சேர்த்தே சொல்கின்றன. நடமாடவும் நிமிர்ந்திருக்கவும் ஊக்கப்படுத்துங்கள், உடன் ஒருவர் இருக்கட்டும், வெந்நீர் ஒத்தடமும் தடவிவிடுதலும் உதவும் என்கின்றன. வலி தணிப்புக் கேட்கும் ஆரோக்கியமான பெண்ணுக்கு, முதுகு வழியாக மருந்து செலுத்தும் எபிடூரலும், ஃபென்டனில், பெத்திடின் போன்ற ஊசிகளும் தரலாம் என்கின்றன. மருந்து வேண்டாம் என்பவளுக்கும் வேண்டும் என்பவளுக்கும் அதில் இடமிருக்கிறது. எங்கள் பிரசவ அறையில் இருவருக்கும் இடமில்லை.

இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கு 1853இல் நடந்த பிரசவத்தில் ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் குளோரோஃபார்ம் கொடுத்து வலியைத் தணித்தார். பிரசவ வலியைத் தணிப்பது அன்றிலிருந்தே மருத்துவத்தில் தெரிந்த வேலைதான். இன்று மதுரை நகரத்துத் தனியார் மருத்துவமனைகளில் "வலியில்லாப் பிரசவம்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய குழாய் செருகி மருந்து செலுத்தும் எபிடூரலுக்கு மயக்க மருந்து நிபுணரும், இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் விடாமல் கவனிக்க ஆளும் வேண்டும் என்பதை அறிவேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதை நாளைக்கே தரச் சொல்லவில்லை. ஆனால் சிக்கலான பிரசவங்களைப் பார்க்கும் தங்கள் சீமாங்க் மையங்களில் அறுவைச் சிகிச்சைக்காக மயக்க மருந்து நிபுணர்களை வைத்திருக்கிறீர்கள். அங்கேயாவது தொடங்கலாம். மற்ற இடங்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் சம அளவில் கலந்த எண்டோனாக்ஸ் என்ற வாயு இருக்கிறது. வலி எழும்போது தாய் தானே முகமூடியைப் பிடித்து மூச்சை இழுக்கிறாள், அரை நிமிடத்தில் பலன் தெரியும், தூக்கம் கண்ணைச் சுழற்றினால் முகமூடி தானாகவே கையை விட்டு நழுவிவிடும், சில நிமிடங்களில் அந்த வாயு உடம்பை விட்டு வெளியேறியும் விடும். வலியை முழுவதும் எடுக்காது, தாங்கும்படி ஆக்கும். அதுவும் இல்லை என்றால் எதைத்தான் தருவீர்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அறுவைச் சிகிச்சைப் பிரசவங்கள் பெருகிவிட்டன என்று துறை கவலைப்படுகிறது. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை. தனியாரில் மட்டும் 63.8. காரணங்கள் பல இருக்கும். எங்கள் தெருவில் நான் காதால் கேட்கும் காரணம் ஒன்று உண்டு: "அந்த மேசையில கிடந்து படுறதுக்கு வயித்தக் கீறியே எடுத்துரலாம்." என் தங்கை இப்போது அதைச் சொல்கிறாள். எபிடூரல் தருவதால் அறுவைச் சிகிச்சை கூடுவதில்லை என்று ஆய்வுகள் சொல்லும்போது, வலி தணிப்பை மறுத்துவிட்டு அறுவைச் சிகிச்சையைக் குறைக்க எப்படி முடியும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. இது பெருமைதான், இதனால் எத்தனையோ தாய்மார்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் அவர்களை அங்கே வரவழைத்தது தாங்கள். கிராம சுகாதாரச் செவிலியரை வீடு தேடி அனுப்பி, கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் போட்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் உதவி அறிவித்து, 108 வண்டி அனுப்பி, வீட்டில் பெறாதே என்று சொல்லி அழைத்து வந்தீர்கள். வந்தவளை மேசையில் ஏற்றிய பிறகு, "நாங்கல்லாம் பெக்கலையா?" என்று கேட்கிறார்கள், கத்தினால் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுவதாக மிரட்டுகிறார்கள், தொடையில் அடிக்கிறார்கள். படுத்தபோது தெரியவில்லையா என்ற பொருளில் பக்கத்து மேசைப் பெண்ணிடம் சொல்லப்பட்ட வார்த்தையை எழுத எனக்குக் கை வரவில்லை. வெளியே வந்தால், ஆண் குழந்தைக்கு இவ்வளவு, பெண் குழந்தைக்கு இவ்வளவு என்று கை நீட்டுகிறார்கள். 2017இல் தொடங்கிய லக்‌ஷ்யா திட்டத்தில் பிரசவ அறைகளின் தரத்துக்கு மதிப்பெண் போடுகிறீர்கள். டைல்ஸ் பதிக்கிறீர்கள், சுவரில் தாமரை வரைகிறீர்கள். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிய சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் மரத்துப்போகாத சதையில் தைக்கப்படுகிறாள் என்றால் அந்தச் சான்றிதழ் எதற்கு?

கோபத்தில் பல விஷயங்களைத் தொட்டுவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். கையூட்டுக்கும் ஏச்சுக்கும் தனியாக மனு எழுத வேண்டும், எழுதுவேன். இந்த மடலில் நான் கேட்பது வலி தணிப்பை மட்டுமே.

தையல் போடும் முன் மருந்து வேலை செய்கிறதா என்று கிள்ளிப் பார்க்க வேண்டும், வலிக்கிறது என்று தாய் சொன்னால் நிறுத்த வேண்டும் என்று துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கேஸ் ஷீட்டில் குழந்தையின் எடைக்கும் பிறந்த நேரத்துக்கும் இடமிருப்பது போல, மருந்து போட்ட நேரத்துக்கும் தையல் தொடங்கிய நேரத்துக்கும் இரண்டு கட்டங்கள் ஒதுக்குங்கள். எழுதியாக வேண்டும் என்றால் பொறுத்தாக வேண்டும். லிக்னோகெயின் இருப்புத் தீராமல் பார்த்துக்கொள்ள தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்குச் சொல்லுங்கள். மதுரை மாவட்டத்தின் சீமாங்க் மையங்களில், கேட்கும் தாய்க்கு எபிடூரலும், மற்ற மருத்துவமனைகளில் எண்டோனாக்ஸும் எப்போது கிடைக்கும் என்று தேதியோடு அறிவியுங்கள். இரவுப் பணிக்கு இன்னொரு செவிலியரைப் போடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தை அவரிடம் கேட்கும் உரிமை அப்போதுதான் நமக்கு வரும்.

எங்கள் ஊரில் இந்த ஐப்பசிக்குள் பிள்ளை பெற வேண்டிய பெண்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன். சுற்றறிக்கைக்கு அரசாணை வரைக்கும் போக வேண்டியதில்லை என்று நம்புகிறேன். அதை முதலில் அனுப்பிவிட்டு, மற்றவற்றுக்குப் பதில் தருமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு பெண்