மடிப்புக் கேமராக்களைச் செய்தவர்கள்: ஒரு திருத்தமும் சில விவரங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய கேமராக்களைப் பற்றி வெளிவரும் தொடரைத் தவறாமல் படித்துவருகிறேன். ரோல் பிலிம் மடிப்புக் கேமராக்களைப் பற்றிய சென்ற வாரக் கட்டுரையில், ஜெய்ஸ் ஐகான் நிறுவனத்தின் நெட்டார் கேமரா ஒன்றின் படத்துக்குக் கீழே, அது கார்ல் ஜெய்ஸ் லென்ஸ் பொருத்தியது என்று குறிப்பிடப்பட்டிருந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அந்த லென்ஸின் வளையத்தில் நோவார் என்ற பெயரும் ஷட்டரின் முகப்பில் புரோன்டார் என்ற பெயரும் படிக்கக் கிடைக்கின்றன. நோவார் என்பது மூன்று கண்ணாடிகளால் ஆன, விலை குறைந்த லென்ஸ். ஜெய்ஸ் ஐகான் அதை வெளி நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்தியது. லென்ஸ் தயாரித்த கார்ல் ஜெய்ஸும் கேமரா தயாரித்த ஜெய்ஸ் ஐகானும் உறவுடைய நிறுவனங்களே என்றாலும் ஒன்றல்ல.

படக்குறிப்பில் நேர்ந்த இந்தப் பிழைக்காக மட்டும் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் கட்டுரை முழுவதும், கேமராவின் மேல்தோலில் பொறித்திருக்கும் பெயரை வைத்தே முதல் தரம், இரண்டாம் தரம், போலி என்று வரிசைப்படுத்திக்கொண்டு போகிறது. பழைய கேமராக்களைப் பழுதுபார்க்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த வரிசை வாசகர்களைத் தவறான வழியில் கொண்டுபோகும் என்று கருதுகிறேன். மடிப்புக் கேமராவை ஒரே நிறுவனம் முழுமையாகச் செய்தது அரிது. பெரும்பாலும் குறைந்தது மூன்று பட்டறைகளின் வேலை அதில் சேர்ந்திருக்கும்.

முதலாவது ஷட்டர், அதாவது பிலிமின் மீது ஒளி விழும் நேரத்தை அளந்து திறந்து மூடும் கருவி. ஜெர்மனியின் மடிப்புக் கேமராக்களில் மிகப் பலவற்றுக்கு ஷட்டர் கொடுத்தவை இரண்டு நிறுவனங்கள். மியூனிக் நகரில் ஃபிரீட்ரிக் டெக்கெல் தொடங்கிய நிறுவனம் 1912-இல் காம்பூர் ஷட்டரை வெளியிட்டது. கருங்காட்டுப் பகுதியின் கால்ம்பாக் என்ற சிற்றூரில் இருந்த ஆல்ஃபிரட் கோத்தியே நிறுவனம் புரோன்டார், வாரியோ, இப்சார் ஆகியவற்றைத் தயாரித்தது. கடும் போட்டியாளர்களான ஜெய்ஸ் ஐகானும் ஃபோக்ட்லண்டரும் ஆக்ஃபாவும் பால்டாவும் ஷட்டர் வாங்கப் பெரும்பாலும் இந்த இரண்டு வாசல்களுக்குத்தான் போக வேண்டியிருந்தது. ஆகவே ஒரே மாதிரிக் கேமராவைக்கூட, வாங்குபவரின் பணப்பைக்கு ஏற்ப வாரியோ ஷட்டருடன் ஒரு விலைக்கும் காம்பூர் ஷட்டருடன் வேறொரு விலைக்கும் விற்றார்கள். ஒரு கேமரா ஏறத்தாழ எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்று கணிக்கவும் காம்பூர் ஷட்டரின் வரிசை எண் உதவுகிறது. பெயரைவிட அந்த எண் அதிகம் பேசும்.

இரண்டாவது லென்ஸ். ஃபோக்ட்லண்டர் 1756-இல் வியன்னாவில் கண்ணாடிக் கருவிகள் செய்யத் தொடங்கி, பின்னர் பிரவுன்ஷ்வைக் நகருக்கு மாறிய நிறுவனம். தன் ஸ்கோபார், ஹெலியார் லென்ஸ்களைத் தானே செய்துகொண்டது. ஆக்ஃபாவும் அக்னார், அப்போட்டார், சோலினார் என்று தன் பெயரிலேயே லென்ஸ்களை வைத்திருந்தது. ஆனால் பால்டா, வெல்டா, செர்ட்டோ போன்ற நிறுவனங்கள் உடலை மட்டும் செய்து, ஷ்னைடர், மேயர், கார்ல் ஜெய்ஸ் ஆகியோரிடம் லென்ஸ் வாங்கின. பால்டா தான் செய்த கேமராக்களில் சிலவற்றை, நியூரம்பர்க் நகரின் போர்ஸ்ட் கடைக்காக ஹாப்போ என்ற பெயரில் செய்துகொடுத்தது. தங்கள் கட்டுரையின் கணக்குப்படி ஹாப்போ 'பெயர் தெரியாத' கேமரா. திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது பால்டா.

நிறுவனங்களின் பெயர்களும் ஒரே ஊரில் நிலையாக இருந்தவை அல்ல. ஜெய்ஸ் ஐகானே 1926-இல் இக்கா, எர்னமான், கோயெர்ஸ், கொன்டெஸா நெட்டல் ஆகிய நான்கு நிறுவனங்கள் டிரெஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு இணைந்ததால் பிறந்தது. அவற்றில் கொன்டெஸாவைத் தோற்றுவித்த ஆகுஸ்ட் நாகெல் 1928-இல் விலகி ஸ்டுட்கார்ட்டில் தனியாகத் தொழில் தொடங்க, அதை 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கோடக் வாங்கிக்கொண்டது. கோடக் பெயரில் ஜெர்மானியத் தரத்தில் மடிப்புக் கேமராக்கள் வந்தது அப்படித்தான். 1945 பிப்ரவரிக் குண்டுவீச்சில் டிரெஸ்டன் அழிந்தது; நாடு இரண்டாகப் பிரிந்தபோது ஜெய்ஸ் ஐகானும் இரண்டானது. அதன் மடிப்புக் கேமராக்களில் போருக்குப் பிந்தைய ஐகோன்டாவும் நெட்டாரும் மேற்கில், ஸ்டுட்கார்ட்டில் இருந்த பழைய கொன்டெஸா தொழிற்சாலையிலிருந்து வந்தவை. பால்டாவின் நிறுவனர் மாக்ஸ் பால்டெவெக் மேற்கே பியூண்டே என்ற ஊரில் புதிதாகத் தொடங்க, டிரெஸ்டனில் அவர் விட்டுச்சென்ற தொழிற்சாலை பெல்கா என்ற பெயரில் இயங்கியது. லென்ஸ் தரப்பிலும் இதே பிரிவினை ஏற்பட்டது: யேனாவில் ஒரு கார்ல் ஜெய்ஸ், ஓபர்கோகன் நகரில் மற்றொன்று. 1950களின் தொடக்கத்தில் வந்த சில லென்ஸ்களில் ஜெய்ஸ் ஆப்டான் என்று எழுதியிருப்பது இதனால்தான். அதைப் போலி என்று நினைத்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

அப்படியானால் கேமரா நிறுவனத்துக்கென்று மிஞ்சியது என்ன என்று கேட்கலாம். மிஞ்சியதுதான் கடினமான பகுதி. மூடியைத் திறந்ததும் லென்ஸ் தாங்கி விரிந்து, பிலிமுக்கு மிகச் சரியான இணையாக, தளர்வின்றி நிற்க வேண்டும். ஆயிரம் முறை மடித்துத் திறந்த பிறகும் அப்படியே நிற்க வேண்டும். அதைவிடச் சிக்கலானது குவியப்படுத்துதல். தூரத்தை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் உடலில் இருக்கிறது; லென்ஸோ மடங்கி விரியும் துருத்தியின் மறுமுனையில் இருக்கிறது. இரண்டையும் எப்படி இணைப்பது? ஒவ்வொரு நிறுவனத்தின் மூளையும் இந்தக் கேள்விக்கான விடையில்தான் தெரிகிறது.

1934-இல் வந்த சூப்பர் ஐகோன்டாவில் ஜெய்ஸ் ஐகான் கண்ட விடை அழகானது. லென்ஸுக்கு அருகில் கைபோல நீளும் ஒரு சிறு உறுப்பில் ஆப்பு வடிவமுள்ள இரண்டு மெல்லிய கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. லென்ஸின் முன்பகுதியைத் திருப்பும்போது, பற்சக்கரத்தின் வழியாக அவை எதிரெதிர்த் திசைகளில் சுழன்று, ஊடுருவும் ஒளியைச் சிறிது சிறிதாக வளைக்கின்றன. அந்த ஒளி உடலிலுள்ள ரேஞ்ச்ஃபைண்டருக்குள் நுழைகிறது. லென்ஸுக்கும் உடலுக்கும் இடையில் ரேஞ்ச்ஃபைண்டருக்காக நெம்புகோலோ கம்பியோ இல்லை. இணைப்பு வேலையை ஒளிக்கதிரே செய்துவிடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: முன் கண்ணாடி மட்டும் நகர்வதால், மிக அருகிலுள்ள பொருளைப் படமெடுக்கும்போது கூர்மை சற்றுக் குறையும்.

ஃபோக்ட்லண்டர் அந்த விலையைக் கொடுக்க விரும்பவில்லை. 1950-இல் வந்த பெஸ்ஸா இரண்டாம் மாதிரியில், உடலின் மேலுள்ள திருகைத் திருப்பினால் லென்ஸும் ஷட்டரும் தாங்கியோடு முழுவதுமாக முன்னும் பின்னும் நகரும். செய்வதற்குச் செலவு மிகுந்த முறை இது. ஜப்பானில் மாமியா செய்இச்சி 1940-இல் வெளியிட்ட மாமியா சிக்ஸ் கேமராவோ இரண்டையும் விட்டுவிட்டு, லென்ஸை நிலையாக வைத்துப் பிலிமை நகர்த்தியது. பின்புறத்துச் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே பிலிம் தளமே முன்னும் பின்னும் போகும். என் கைகளில் வந்தவற்றுள் நான் மிகவும் மதித்தது இதைத்தான். தங்கள் கட்டுரையில் இதன் பெயரே இடம்பெறவில்லை.

ஆக்ஃபாவை இரண்டாம் தரம் என்று கட்டுரை கூறியதில் ஒரு பாதியை ஏற்கிறேன். நம் நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டதும் பலருக்கு நினைவுக்கு வருவது பரோடாவில் தயாரான கிளிக் த்ரீ. அது மடியாத எளிய கேமரா. ஐசோலெட் மடிப்புக் கேமரா மியூனிக்கில் செய்யப்பட்டது. அதன் குவிய வளையத்தில் பூசிய பச்சை நிற கிரீஸ் காலப்போக்கில் பசையைப்போல இறுகிவிடும். துருத்தியின் மூலைகளில் ஊசித் துளைகள் விழுந்து வெளிச்சம் புகும். இவை உண்மையான குறைகள். ஆனால் இரண்டையும் சரிசெய்ய முடியும். கிரீஸைக் கரைத்து நீக்கி, புதுத் துருத்தி ஒட்டி, நான்கு கண்ணாடிகள் கொண்ட சோலினார் லென்ஸுடன் வெளியே எடுத்துச் சென்றால், அந்தக் கேமரா தரும் நெகட்டிவைப் பார்த்து இதை இரண்டாம் தரம் என்று சொல்ல மனம் வராது.

'ரஷ்யப் போலிகள்' என்ற தலைப்பின்கீழ் மாஸ்க்வா கேமராக்களைச் சேர்த்திருப்பதும் நியாயமில்லை. போருக்குப் பின் இழப்பீடாக ஜெர்மன் தொழிற்சாலைகளின் இயந்திரங்களும் வரைபடங்களும் சோவியத் ஒன்றியத்துக்குப் போயின; கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலை 1946 முதல் ஐகோன்டாவை ஒட்டி மாஸ்க்வாவைச் செய்தது; 1956-இல் வந்த மாஸ்க்வா ஐந்தாம் மாதிரியில் அதே ஆப்புக் கண்ணாடி முறை இருக்கிறது. வேலைப்பாடு சீராக இருக்காது, அது உண்மை. வாங்குவதற்கு முன் தாங்கி ஆடுகிறதா என்று பார்ப்பது நல்லது. ஷாங்காய் நகரின் சீகல் 203-உம் இங்கிலாந்தின் என்சைன் கேமராக்களும் இந்தப் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவையே.

இத்தனை நாடுகள் ஒரே வடிவத்தைச் சுற்றி வந்ததற்குக் காரணம் பிலிம். கோடக் 1901-இல் அறிமுகப்படுத்திய 120 ரோலில், பின்புறத் தாளில் அச்சிட்ட எண்களைச் சிவப்புச் சாளரத்தின் வழியே பார்த்துச் சுற்றினால், ஆறுக்கு ஒன்பது சென்டிமீட்டர் அளவில் 8 படங்களும் ஆறுக்கு ஆறு அளவில் 12 படங்களும் கிடைக்கும். ஆறுக்கு ஆறு நெகட்டிவ் 35 மில்லிமீட்டர் படத்தைப்போல மூன்றரை மடங்குப் பரப்புடையது. அவ்வளவு பெரிய படத்தைத் தரும் கேமராவைக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், மடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நம் உதகையின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த இந்து ரோல்களும் இதே அளவுதான். அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது வேறொரு கடிதத்துக்குரிய வருத்தம். 120 பிலிம் இன்றும் தயாராகிறது என்பதால்தான் இந்தக் கேமராக்கள் அலமாரிப் பொருளாகிவிடவில்லை. 1950களின் இறுதிக்குள் 35 மில்லிமீட்டரும் இரட்டை லென்ஸ் கேமராக்களும் இந்தச் சந்தையைச் சுருக்கிவிட்டாலும், ஃபுஜி 2009-இல் கூட ஜிஎஃப் 670 என்ற மடிப்புக் கேமராவை வெளியிட்டது. ஜப்பானின் கோசினா அதைச் செய்துகொடுத்தது. அதே கேமரா ஃபோக்ட்லண்டர் பெஸ்ஸா மூன்று என்ற பெயரிலும் விற்கப்பட்டது. ஒரு பெயர், இன்னொருவரின் கைவேலை என்ற பழைய வழக்கம் அப்போதும் மாறவில்லை.

தொடரின் அடுத்த பகுதியில் வெளியாகும் படங்களுக்காவது, உடல், லென்ஸ், ஷட்டர் ஆகிய மூன்றையும் செய்தவர்களின் பெயர்களைப் படக்குறிப்பில் தனித்தனியாகத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பரணில் தாத்தாவின் கேமராவைக் கண்டெடுத்து, அதன் மதிப்பை அறியத் தங்கள் இதழைப் புரட்டும் வாசகருக்கு விலைப் பட்டியலைவிட இது பயன்படும். சென்ற வாரப் படத்துக்கான குறிப்பை, 'ஜெய்ஸ் ஐகான் நெட்டார், ஸ்டுட்கார்ட், நோவார் லென்ஸ், கோத்தியே நிறுவனத்தின் புரோன்டார் ஷட்டர்' என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்