தவறான பதிலைத் தேடி எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்க்கிறேன், அதற்கு முன்னால் வாத்தியார் வேலை, கேள்வித்தாள் எழுதியே கை தேய்ந்தவன். போன மாதம் புழு வளர்ப்பு பற்றி ஒரு ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்தேன். வீடியோக்கள் நன்றாகத்தான் இருந்தன. கடைசியில் வந்த க்விஸ்தான் வேடிக்கை. ஒரு வீடியோகூடப் பார்க்காத என் மகள் போனை வாங்கித் தட்டி 10க்கு 8 எடுத்துவிட்டாள். "மேற்கண்ட அனைத்தும்" இருந்தால் அது, இல்லையென்றால் எந்தப் பதில் நீளமோ அது, அவ்வளவுதான்ப்பா என்கிறாள். தப்பினாலும் கவலையில்லை, மறுபடி திறந்தால் அதே கேள்விகள் அதே வரிசையில்.

அதில் ஒரு கேள்வி: பட்டுப்புழு எத்தனை முறை தோல் உரிக்கும்? 4 முறை. சரி, அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? நாங்கள் தடுமாறுவது வேறு இடத்தில். விடியற்காலை ஷெட்டுக்குள் போகிறோம், ஒன்றிரண்டு தவிர எல்லாப் புழுவும் தோல் உரிக்கிற தூக்கத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் கிடக்கிறது, கூடை நிறைய இலை பறித்து வைத்தாயிற்று, வாடிவிடுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது. இப்போது என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், க்விஸ் எழுதுகிறவர்களே. தேர்ந்தெடுக்க இந்தப் பதில்களைக் கொடுங்கள்: கொஞ்சமாக இலை போடுவேன். அசைகிற புழுவுக்கு மட்டும் போடுவேன். இலையை நிறுத்திவிட்டு சுண்ணாம்புத்தூள் தூவுவேன். முதல் இரண்டும் நானே செய்து நஷ்டப்பட்டவை, அதனால்தான் அவை இங்கே நிற்கும். நாலாவது பதில் தோன்றவில்லையா, விடுங்கள், மூன்றே போதும்.

அப்புறம், தப்பாகத் தட்டியவனுக்குச் சிவப்பு எழுத்தில் "தவறு" என்று மட்டும் காட்டினால் எப்படி? விழித்திருக்கிற புழு தின்று முந்திக்கொள்ளும், ஒரே தட்டில் சிறிசும் பெரிசுமாக வளர்ந்து ஒன்றாகக் கூடு கட்டாது என்று ஒரு வரி போட்டால் அங்கேயே பாடம் முடிந்தது.

இன்னொன்று. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது. முட்டை பொரித்துக் கூடு கட்டவே 25 நாள் போல ஆகிறது, க்விஸ் மட்டும் வீடியோ முடிந்த கையோடு ஒரே ஒரு தடவையா? அடுத்த வாரமும் அதே விஷயத்தை வேறு மாதிரி கேளுங்கள்.

தவறான பதில்களுக்கு ரூம் போட்டு யோசிக்க வேண்டாம். ஒருநாள் காலையில் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு வந்து, விலை இறங்கிப்போனவர்கள் பக்கத்தில் ஒரு டீ குடித்தால் வேண்டிய மட்டும் கிடைக்கும்.

– ஒரு வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்