சாரையும் நல்ல பாம்பும் இணைசேர்வதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், தென்னந்தோப்பு ஒன்றில் இரண்டு பாம்புகள் முறுக்கிய கயிறுபோல் நிமிர்ந்து நிற்கும் படத்தை வெளியிட்டு, ‘சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணைந்து நடனம்’ என்று எழுதியிருந்தீர்கள். படம் அருமை, அதன் கீழே இருந்த வரிதான் தவறு. படத்தில் இருப்பவை இரண்டுமே சாரைகள். அவை ஆடியது நடனமன்று, இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம்.

சாரையெல்லாம் பெண், நல்ல பாம்பெல்லாம் ஆண் என்பது நம் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும் செய்தி. உண்மையில் சாரையிலும் ஆண் பெண் உண்டு, நல்ல பாம்பிலும் உண்டு. இரண்டினத்துப் பெண் பாம்புகளும் தத்தம் இனத்து ஆணோடு சேர்ந்தே முட்டையிடுகின்றன. நஞ்சில்லாத சாரை கொலுப்ரிடே என்னும் குடும்பத்தையும், நஞ்சுள்ள நல்ல பாம்பு எலாப்பிடே என்னும் குடும்பத்தையும் சேர்ந்தவை. சம்பந்தம் பேசுவது இருக்கட்டும், நல்ல பாம்பு வாய்ப்புக் கிடைத்தால் மற்றப் பாம்புகளைப் பிடித்து விழுங்கவும் தயங்காது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில், பூதப்பாண்டிக்கு அருகில் உள்ள எங்கள் தோப்பில் இதே காட்சியை ஏறத்தாழ அரை மணி நேரம் நின்று பார்த்தேன். தேங்காய் வெட்ட வந்தவர், “அண்ணாச்சி, கோடி வேட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க, மேல போட்டு எடுத்துப் பெட்டியில வச்சா பணம் குறையாது” என்று அவசரப்படுத்தினார். நான் போகவில்லை. ஒன்று மஞ்சள் கலந்த வெளிர் நிறம், மற்றது கரும்பழுப்பு. இரண்டும் உடலின் முன்பகுதியை உயர்த்தி, ஒன்றின் தலையை மற்றொன்று கீழே அழுத்தப் பார்த்தன, சரிந்து விழுந்து மறுபடியும் எழுந்தன, ஒருமுறைகூடக் கடித்துக்கொள்ளவில்லை. கடைசியில் வெளிர் நிறத்தது தளர்ந்து வாய்க்கால் பக்கமாக ஓட, மற்றது சிறிது தூரம் துரத்திவிட்டு நின்றது. இணைசேரும் பாம்புகள் இப்படிப் பிரிவதில்லை. அவை பெரும்பாலும் தரையோடு கிடந்து, வாலைப் பின்னிக்கொண்டுதான் சேரும்.

இந்த நிற வேறுபாடே குழப்பத்திற்குப் பெரிய காரணம் என்று கருதுகிறேன். சாரையின் நிறம் வெளிர் மஞ்சள் முதல் ஏறக்குறையக் கறுப்புவரை மாறும். ஆகவே இரண்டு நிறத்தைக் கண்டதும் இரண்டு இனம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். போதாக்குறைக்கு, சினம் கொண்ட சாரை கழுத்தை மேலும் கீழுமாகப் புடைத்துக் காட்டும். தூரத்தில் நிற்பவர் அதைப் படம் என்றே நினைப்பார், ஆனால் நல்ல பாம்பின் படமோ பக்கவாட்டில் விரிவது. தங்கள் புகைப்படத்தில் எந்தக் கழுத்திலும் அப்படி விரிந்த படம் இல்லை. உதட்டோரத்துக் கறுப்புக் கோடுகள் இரண்டிலும் தெளிவாகத் தெரிகின்றன. அவை சாரைக்கு உரியவை.

நாகராஜா கோவிலுக்கு ஆவணி ஞாயிறுதோறும் பால் கொண்டு செல்லும் குடும்பம் எங்களுடையது என்பதால், வழிபாட்டைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம்பிக்கையால் வரும் தீங்கு வேறு இடத்தில் இருக்கிறது. சாரை வந்தால் பின்னாலேயே அதன் ‘ஜோடி’ நல்ல பாம்பு வரும் என்ற அச்சத்தில், வீட்டு முற்றத்துக்கு வரும் சாரையை அடித்துக் கொல்கிறார்கள். நாஞ்சில் நாட்டு வயல்களில் வரப்பைத் துளைக்கும் எலிகளைக் கூலி வாங்காமல் பிடித்துத் தருவது அந்தச் சாரைதான். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றமுமாகும். வேட்டி போடுவதிலும் ஆபத்து உண்டு: ஆண் நல்ல பாம்புகளும் இதேபோல் பிணைந்து மல்லுக்கு நிற்கும். அவற்றைச் சாரை என்று எண்ணித் துணியோடு கிட்டே போகிறவர் கடிபட்டால், அடுத்த நிறுத்தம் ஆசாரிப்பள்ளம் மருத்துவமனைதான்.

எனவே, அந்தப் படத்தை மீண்டும் ஒருமுறை வெளியிட்டு, ‘இரண்டு ஆண் சாரைப் பாம்புகளின் சண்டை’ என்று திருத்தம் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் வந்த அதே அளவில் போட்டால் நல்லது. மூலையில் வரும் திருத்தத்தை எங்கள் ஊர் டீக்கடையில் யாரும் படிப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்